தேடியதை அழித்த பிறகும் ஏன் திரும்ப வருகிறது?

நீங்கள் கேட்டது இது. வீட்டில் ஒரே டெஸ்க்டாப், அதுவும் ஹாலில். கணவர், மாமியார், நாத்தனார் மகன் என்று எல்லாரும் உட்காருவார்கள். குழந்தைப்பேற்றுக்கான சிகிச்சையான ஐவிஎஃப் பற்றி ஒரு ராத்திரி தேடிப் படித்திருக்கிறீர்கள். மறுநாள் அந்தப் பையன் இன்ஸ்டாகிராம் போகலாம் என்று அட்ரஸ் பாரில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்தைத் தட்டியிருக்கிறான். கீழே 'ஐவிஎஃப் செலவு' என்று வந்து நின்றது. பதறிப்போய் ஹிஸ்டரியை அழித்தீர்கள். இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் வந்தது. 'மொத்தமாக எப்படி அழிப்பது, ஃபார்மட் போட்டுவிடலாமா' என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஃபார்மட் போட வேண்டாம். கம்ப்யூட்டர் சர்வீஸ்தான் என் வேலை என்பதால் இதே கவலையோடு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு அம்மா சிபியுவை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்து, குரலைத் தாழ்த்தி, "எல்லாத்தையும் அழிச்சிடுங்க தம்பி" என்றார். உள்ளே பிள்ளைகளின் பத்து வருடப் போட்டோக்கள் இருந்தன. வேறு எங்கும் காப்பி கிடையாது. அவருக்கு அழிய வேண்டியிருந்ததோ ஒரே ஒரு சொல். ஃபார்மட் போட்டிருந்தாலும் அந்தச் சொல் போயிருக்காது. விண்டோஸைப் புதிதாக ஏற்றி, பழைய ஜிமெயிலில் லாகின் செய்ததும் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும். அது அந்தப் பெட்டிக்குள் மட்டும் இல்லையே.

ஒரு சொல்லைத் தேடினால் அது பல இடங்களில் பதிகிறது. முதலாவது, பிரவுசரின் ஹிஸ்டரி. நீங்கள் அழித்தது இதைத்தான். இரண்டாவது, பிரவுசரில் எந்த கூகுள் அக்கவுண்ட் லாகின் ஆகியிருக்கிறதோ அந்த அக்கவுண்ட். இது கூகுளின் சர்வரில் இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரில் எதை அழித்தாலும் அதற்குத் தெரியாது. மூன்றாவது, ஒவ்வொரு வெப்சைட்டின் உள்ளே இருக்கும் தேடல் பெட்டியிலும் ஃபார்மிலும் நீங்கள் தட்டியது. அதை பிரவுசர் தனியாக நினைவில் வைத்திருக்கும். நான்காவது, சிங்க் ஆகியிருக்கும், அதாவது அதே அக்கவுண்ட்டில் இணைந்து ஹிஸ்டரியைப் பகிர்ந்துகொள்ளும் மற்ற போன்கள், லேப்டாப்கள். ஒன்றை மட்டும் அழித்துவிட்டு எல்லாம் போயிற்று என்று நிம்மதியாக இருப்பதுதான் வழக்கமாக நடப்பது. பிறகு மற்ற மூன்றில் ஒன்று எட்டிப் பார்க்கும்.

முதலில் உங்கள் வீட்டில் எது எட்டிப் பார்க்கிறது என்று கண்டுபிடியுங்கள். யாரும் இல்லாத நேரத்தில் அந்த எழுத்தைத் தட்டி, கீழே விழும் பட்டியலில் ஒவ்வொரு வரியின் இடது ஓரத்தையும் பாருங்கள். பூதக்கண்ணாடிப் படம் இருந்தால் பெரும்பாலும் அது ஊரில் எல்லாரும் தேடுவதை வைத்து வரும் பொதுவான ஆலோசனை. உங்கள் தேடலுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. கடிகாரப் படம் இருந்தால் அது முன்பு தேடியது. நட்சத்திரம் இருந்தால் அந்தப் பக்கம் புக்மார்க் ஆகியிருக்கிறது. ஹிஸ்டரியை எத்தனை முறை அழித்தாலும் புக்மார்க் போகாது. அப்புறம் கூகுளின் முதல் பக்கத்தைத் திறந்து, நடுவில் இருக்கும் பெட்டியிலும் அதே எழுத்தைத் தட்டிப் பாருங்கள். அட்ரஸ் பாரில் வராமல் இங்கே மட்டும் கடிகாரத்தோடு வந்தால், விஷயம் அக்கவுண்ட்டில் இருக்கிறது. நீங்கள் சொன்ன மாதிரி அழித்த பிறகும் திரும்பி வருவதற்கு நான் பார்த்த வரையில் முக்கால்வாசி காரணம் இதுதான்.

அதனால் வேலையை அக்கவுண்ட்டில் இருந்து தொடங்குங்கள், பிரவுசரை அப்புறம் பார்க்கலாம். தொடங்கும் முன் ஒன்று. பிரவுசரின் வலது மேல் மூலையில் இருக்கும் வட்டப் படத்தை அழுத்தி, அது யாருடைய அக்கவுண்ட் என்று பாருங்கள். கம்ப்யூட்டர் வாங்கிய அன்று யாரோ ஒருவர் தன் ஜிமெயிலைப் போட்டிருப்பார், அது அப்படியே கிடக்கும். அது உங்கள் கணவருடையதாக இருந்தால், நீங்கள் ராத்திரி தேடியது அவருடைய அக்கவுண்ட்டில் சேர்ந்திருக்கிறது. அவர் போனில் கூகுளைத் திறந்தாலும் அங்கே தெரியலாம். பக்கத்து அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் தேடியது கையில் இருக்கும் போனில் எப்படி வந்தது என்று பலர் குழம்புவது இதனால்தான்.

கூகுளில் இந்தப் பதிவு இருக்கும் இடத்தின் பெயர் மை ஆக்டிவிட்டி. கூகுளில் அந்தப் பெயரைத் தேடினாலே முதலில் வரும். அதன் மேலே ஒரு தேடல் பெட்டி இருக்கும். அதில் 'ஐவிஎஃப்' என்று ஆங்கிலத்தில் போட்டால் அது உள்ள வரிகள் மட்டும் தேதியோடு வரும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தினால் அந்த வரி போய்விடும். ஆனால் நாம் ஒரே மாதிரி தட்டுவதில்லை. தமிழில் 'குழந்தை சிகிச்சை' என்று தேடியிருப்போம், அதையே ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டியிருப்போம், ஆஸ்பத்திரி பெயரைப் போட்டிருப்போம், ஊர்ப் பெயரோடு 'டாக்டர்' என்று போட்டிருப்போம். நினைவுக்கு வரும் எல்லாச் சொல்லையும் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அந்தத் தேதியை எடுத்து, அன்றைக்கு ராத்திரி நடந்ததை மட்டும் வரிசையாகப் பார்த்து அழியுங்கள். அக்கவுண்ட் இன்னொருவருடையது என்றால் உங்கள் வரிகளை மட்டும் தொடுங்கள்.

அதே பக்கத்தில் தானாக அழியும்படி வைக்கும் வசதி இருக்கிறது. 3 மாதம், 18 மாதம், 36 மாதம் என்று மூன்று கெடு. 2020 ஜூனுக்குப் பிறகு புதிதாக அக்கவுண்ட் தொடங்கியவர்களுக்கு 18 மாதம் என்பது தானாகவே அமைந்திருக்கும். அதற்கு முன்பே ஜிமெயில் வைத்திருந்தவர்களுக்கு அப்படி இல்லை, அவர்களாகப் போய் வைத்தால்தான் உண்டு. உங்களுடைய அக்கவுண்ட் பழையது என்றால் பல வருடத் தேடல் அதில் இருக்கலாம். உங்கள் சொந்த அக்கவுண்ட்டில் 3 மாதம் என்று வைத்துவிடுங்கள். மை ஆக்டிவிட்டி பக்கத்தைத் திறக்க ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைக்கவும் அங்கேயே வழி இருக்கிறது. பொதுக் கம்ப்யூட்டரில் லாகின் செய்தே வைத்திருப்பவர்கள் அதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

எட்ஜ் பிரவுசரில் மைக்ரோசாஃப்ட்டின் தேடல் தளமான பிங் வழியாகத் தேடியிருந்தால் பதிவு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் இருக்கும். அந்த அக்கவுண்ட்டின் பிரைவசி பக்கத்தில் தேடல் ஹிஸ்டரி தனியாக உண்டு. எந்த அக்கவுண்ட்டிலும் லாகின் செய்யாமல் தேடியிருந்தால் அந்த நினைவு குக்கீயோடு (சைட்கள் உங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் சின்னக் குறிப்பு) கட்டப்பட்டிருக்கும், குக்கீயை அழித்தால் போய்விடும்.

இப்போது பிரவுசர். குரோமில் கன்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் ஹிஸ்டரிப் பக்கம் வரும். கடைசி 90 நாட்கள் வரை போய்வந்த பக்கங்கள் அதில் தெரியும். நீங்கள் தேடிய அன்றைய வரிகளை உற்றுப் பாருங்கள். முதலில் 'ஐவிஎஃப் செலவு - கூகுள் சர்ச்' என்று ஒரு வரி. அதற்கு மேலே, நீங்கள் அந்த முடிவுகளில் இருந்து அழுத்திப் போன ஆஸ்பத்திரியின் பக்கம் ஒரு வரி. அங்கிருந்து 'வெற்றி விகிதம்' பக்கத்துக்குப் போயிருந்தால் அது இன்னொரு வரி. ஒரு தேடல், மூன்று நான்கு தடம். 'கூகுள் சர்ச்' என்று இருக்கும் வரியை மட்டும் அழித்துவிட்டால் ஆஸ்பத்திரி பெயர் அப்படியே இருக்கும். ஆஸ்பத்திரி பெயரின் முதல் எழுத்தைத் தட்டினால் அது வரும். ஆகவே அந்த ஒரு மணி நேரத்தில் போன பக்கம் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் டிக் போட்டு, மேலே டெலீட் கொடுங்கள்.

எனக்கு இந்த வழிதான் பிடிக்கும்: வேண்டியதை மட்டும் எடுப்பது. கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மொத்தமாக அழிக்கும் பெட்டி திறக்கும். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் இதே சாவிதான். அதில் பலரும் தவறுவது நேர அளவில். பெட்டி திறக்கும்போது மேலே குறைந்த நேரம் காட்டிக்கொண்டிருக்கும். அதைக் கவனிக்காமல் டெலீட் கொடுத்தால் கடைசி ஒரு மணி நேரம் போன்ற சின்னத் துண்டு மட்டும் போகும், முந்தாநாள் தேடியது அப்படியே இருக்கும். நீங்கள் முதலில் அழித்தபோது இது நடந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. இன்னொரு பக்கம், 'ஆல் டைம்' வைத்து எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டால் குக்கீ போய், வீட்டில் எல்லாரும் எல்லா சைட்டிலும் லாக் அவுட் ஆகிவிடுவார்கள். சேமித்த பாஸ்வேர்டிலும் டிக் விழுந்திருந்தால் அதுவும் காலி. சாயங்காலம் மாமியார் சீரியல் பார்க்க உட்காரும்போது "யாருப்பா எல்லாத்தையும் அழிச்சது" என்ற கேள்வி வரும். எதை மறைக்க நினைத்தோமோ அதைப் பற்றியே பேச்சு கிளம்பிவிடும்.

மொத்தமாக அழிப்பது என்றே முடிவெடுத்தால், பிரவுசிங் ஹிஸ்டரி என்பதில் டிக் இருக்கட்டும். ஆட்டோஃபில் ஃபார்ம் டேட்டா என்பதிலும் டிக் போடுங்கள், மூன்றாவது இடம் என்று சொன்னேனே, அது இதில்தான் போகும். ஆனால் சேமித்து வைத்த முகவரி, போன் நம்பரும் இதோடு சேர்ந்து போகும். பாஸ்வேர்டு, குக்கீ இரண்டிலும் டிக்கை எடுத்துவிடுங்கள். ஹிஸ்டரி சிங்க் ஆகிக்கொண்டிருந்தால், இங்கே அழிப்பது அதே அக்கவுண்ட்டில் இருக்கும் மற்ற குரோம்களிலும் அழியும். உங்கள் விஷயத்தில் அது நல்லதுதான். இன்னொருவருடைய அக்கவுண்ட் என்றால் அவர் போனில் இருக்கும் ஹிஸ்டரியும் காணாமல் போகும், யோசித்துச் செய்யுங்கள்.

அட்ரஸ் பாரில் ஒரே ஒரு வரிதான் தொல்லை என்றால் இன்னும் சுலபம். எழுத்தைத் தட்டி, கீழ்நோக்கிய அம்புக்குறியால் அந்த வரிக்குப் போய், ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு டெலீட்டைத் தட்டுங்கள். வரி மறைந்துவிடும். ஃபயர்ஃபாக்ஸிலும் இது வேலை செய்யும்.

ஃபயர்ஃபாக்ஸில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. ஹிஸ்டரியில் ஒரு பக்கத்தின் மேல் வலது கிளிக் செய்தால், அந்த சைட்டையே மறந்துவிடு என்று ஒரு கட்டளை வரும். அந்த ஆஸ்பத்திரி சைட்டுக்கு எத்தனை முறை போயிருந்தாலும், ஹிஸ்டரி, குக்கீ எல்லாம் ஒரே அடியில் போகும். இதை கூகுள் வரியின் மேல் செய்யாதீர்கள், கூகுளில் வீட்டில் எல்லாரும் தேடியதும் சேர்ந்து போய்விடும். மூடும்போதெல்லாம் ஹிஸ்டரி தானாக அழியும்படி வைக்கும் வசதி ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் இரண்டின் செட்டிங்ஸிலும் இருக்கிறது. ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்களுக்கு: சஃபாரியில் மேலே ஹிஸ்டரி மெனுவின் கடைசியில் கிளியர் ஹிஸ்டரி இருக்கும். ஆப்ஷன் சாவியைப் பிடித்துக்கொண்டு அந்த மெனுவைப் பார்த்தால், சைட் லாகின்களை விட்டுவைத்து ஹிஸ்டரியை மட்டும் அழிக்கும் வழியாக அது மாறும். ஐகிளவுடில் சஃபாரி சேர்ந்திருந்தால் ஐபோனிலும் சேர்ந்தே அழியும்.

பிரவுசரையும் அக்கவுண்ட்டையும் துடைத்தபின் பலர் மறப்பது டவுன்லோட்ஸ் ஃபோல்டரை. ஹிஸ்டரியை அழித்தால் டவுன்லோட் பட்டியல்தான் போகும், ஃபைல் போகாது. லேப் ரிப்போர்ட், ஆஸ்பத்திரியின் கட்டண விவரம் என்று ஏதாவது பிடிஎஃப் இறக்கியிருந்தால் அது ஃபோல்டரில் பெயரோடு இருக்கும், விண்டோஸில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்ததும் 'ரீசன்ட்' பட்டியலிலும் மேலேயே நிற்கும். தேவையென்றால் உங்கள் பென் டிரைவுக்கோ மெயிலுக்கோ மாற்றிக்கொண்டு, ஷிஃப்ட் டெலீட் கொடுத்து அழியுங்கள். வெறும் டெலீட் கொடுத்தால் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும்.

யூடியூபும் அப்படித்தான். அதன் ஹிஸ்டரி தனி. ஒரு டாக்டரின் பேச்சை அரை மணி நேரம் பார்த்திருப்பீர்கள். ஹாலில் இருக்கும் டிவியிலும் அதே அக்கவுண்ட் என்றால், குடும்பமே உட்கார்ந்திருக்கும்போது டிவியின் முகப்பில் அதே மாதிரி வீடியோக்கள் வரிசை கட்டும். யூடியூப் ஹிஸ்டரிப் பக்கத்தில் அந்த வீடியோக்களையும், அவற்றுக்காகத் தேடிய சொற்களையும் தனித்தனியாக நீக்குங்கள். ஏஐ சாட் எதிலாவது கேட்டிருந்தால் அந்த உரையாடலும் அந்தந்த அக்கவுண்ட்டில் இருக்கும். விளம்பரங்களைப் பொறுத்தவரை, கூகுளின் மை ஆட் சென்டரில் கர்ப்பம், குழந்தை வளர்ப்பு என்ற வகை விளம்பரங்களுக்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதை அணைத்தால் அவை குறையும், இன்றே அணைத்துவிடுங்கள். சிகிச்சையில் இருக்கும் பெண்ணுக்கு நாள் முழுக்கக் குழந்தை விளம்பரம் வருவது எவ்வளவு வலிக்கும் என்று என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று யாராவது உங்களைக் கேட்டால், 2006-ல் நடந்ததைச் சொல்லுங்கள். ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் ஆராய்ச்சிக்கு உதவும் என்று, சுமார் ஆறரை லட்சம் பேர் மூன்று மாதத்தில் தேடிய 2 கோடி தேடல்களைப் பொதுவில் வெளியிட்டது. பெயர் கிடையாது, ஆளுக்கு ஒரு எண் மட்டும். சில நாட்களிலேயே நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் ஒரு எண்ணின் தேடல்களைப் படித்து, ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த ஒரு பெண்ணின் வீட்டுக்கே போய் நின்றார்கள். தேடிய சொற்களே ஆளைக் காட்டிக்கொடுத்தன. தேடல் பெட்டியில் நாம் தட்டுவது டாக்டரிடம் கூடச் சொல்லத் தயங்குவது. அதை மறைத்துக்கொள்ள நினைப்பதில் தப்பு எதுவும் இல்லை.

நம் கையால் அழிக்க முடியாத இடங்களும் உண்டு. ஆபீஸ் கம்ப்யூட்டரில் குரோம் மெனுவின் கடைசியில் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், ஹிஸ்டரியை அழிக்கும் வசதியையே ஆபீஸ் முடக்கி வைத்திருக்கலாம். முடக்காவிட்டாலும் அவர்களுடைய நெட்வொர்க்கில் பதிவு இருக்கலாம். நெட் சென்டரிலும் அப்படித்தான்: 2011-ல் மத்திய அரசு கொண்டுவந்த சைபர் கஃபே விதிகளின்படி, யார் எந்த சைட்டுக்குப் போனார்கள் என்ற பதிவைக் கடைக்காரர் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். அங்கே நீங்கள் அழிப்பது உங்களுக்கு அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவரிடம் இருந்து மட்டும்தான் காப்பாற்றும். அங்கே ஜிமெயிலில் இருந்து லாக் அவுட் செய்வதுதான் முதல் வேலை.

உங்கள் கேள்வியில் இல்லாவிட்டாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதைப் படிக்கும் யாராவது, வீட்டில் அடிக்கும், மிரட்டும் ஒருவரிடம் இருந்து தப்பிக்க வழி தேடுபவராக இருந்தால், மொத்த ஹிஸ்டரியையும் காலி செய்யாதீர்கள். தினமும் கண்காணிப்பவருக்கு, நேற்று வரை நிறைந்திருந்த பட்டியல் இன்று வெறுமையாக இருப்பதே சந்தேகத்தைக் கிளப்பும். சமையல், பாட்டு, கரண்ட் பில் எல்லாம் அப்படியே இருக்கட்டும், உதவி தேடிய அந்த நான்கு வரியை மட்டும் எடுங்கள். முடிந்தால் அந்தக் கம்ப்யூட்டரிலேயே தேடாமல், நம்பிக்கையான ஒரு தோழியின் போனில் தேடுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

இனிமேல் தேடும்போது குரோமிலும் எட்ஜிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், 'என்' என்ற ஆங்கில எழுத்து மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஃபயர்ஃபாக்ஸில் 'என்' எழுத்துக்குப் பதில் 'பி'. தனி ஜன்னல் திறக்கும் (குரோமில் இதன் பெயர் இன்காக்னிட்டோ), அதில் தேடியது பிரவுசரின் ஹிஸ்டரியில் ஏறாது. அந்த ஜன்னலிலேயே ஜிமெயிலில் லாகின் செய்தால் தேடல் அக்கவுண்ட்டில் பதிய ஆரம்பித்துவிடும், அதனால் லாகின் செய்யாதீர்கள். முடிந்ததும் அந்த ஜன்னல்கள் எல்லாவற்றையும் மூடுங்கள். மினிமைஸ் செய்து விட்டால் அது உயிரோடுதான் இருக்கும். இறக்கிய ஃபைலும் போட்ட புக்மார்க்கும் அதற்குப் பிறகும் தங்கும். அந்த ஜன்னலுக்கும் எல்லை உண்டு, போகும் சைட்டுக்கும் இன்டர்நெட் கம்பெனிக்கும் நீங்கள் தெரிவீர்கள். அமெரிக்காவில் 2020-ல் இதை வைத்தே கூகுள் மேல் வழக்குப் போட்டார்கள். 2024 ஏப்ரலில் வெளியான உடன்பாட்டில், அந்த முறையில் சேர்ந்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது. ஆனால் உங்கள் கவலை ஹாலில் உட்காரும் பையன்தான், அதற்கு இந்த ஜன்னல் போதும்.

நிரந்தரமாக நிம்மதி வேண்டும் என்றால் விண்டோஸில் உங்களுக்கென்று ஒரு தனி யூசரை உருவாக்கி பாஸ்வேர்டு போட்டுக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை. குரோமில் தனி புரொஃபைல் போதாதா என்று கேட்பார்கள். அது கலக்காமல் பிரித்து வைக்கும், பூட்டு கிடையாது, யார் வேண்டுமானாலும் அழுத்தித் திறக்கலாம். விண்டோஸ் யூசருக்குப் பூட்டு உண்டு. எழுந்து போகும்போது விண்டோஸ் சாவியையும் 'எல்' என்ற ஆங்கில எழுத்தையும் சேர்த்துத் தட்டினால் பூட்டிக்கொள்ளும். பையனுக்கும் ஒரு யூசர் போட்டுக் கொடுங்கள், கேம் எல்லாம் அவன் பக்கம் இருக்கட்டும். உங்களுக்கு மட்டும் போட்டால் கண்ணை உறுத்தும், எல்லாருக்கும் போட்டால் அது வீட்டு வழக்கமாகிவிடும்.

எல்லாம் செய்து முடித்ததும் பிரவுசரை மூடித் திறந்து, அட்ரஸ் பாரில் ஒரு முறை, கூகுள் பெட்டியில் ஒரு முறை, யூடியூபில் ஒரு முறை 'ஐ' தட்டிப் பாருங்கள். ஆஸ்பத்திரி பெயரின் முதல் எழுத்தையும் தட்டிப் பாருங்கள். எங்காவது இன்னும் கடிகாரப் படத்தோடு நின்றால், எந்தப் பெட்டியில், மூலையில் யாருடைய அக்கவுண்ட் இருக்கும்போது வந்தது என்று இரண்டையும் குறித்து எழுதுங்கள். அது தெரிந்தால் போதும், மிச்சத்தையும் எடுத்துவிடலாம்.